மூணாம் மணிக்கு இவ்வளவு பேர் ஆகாது

"போகும்போது ஊதணும், வரும்போது…" வரும்போது என்னவோ சொல்வார் எங்கள் சபையில் பேண்டு நடத்திய தவசிமுத்து பெரியப்பா. பாதிதான் நினைவிருக்கிறது. வாயை மூடணும் என்றாரா, வாயைத் துடைக்கணும் என்றாரா, சரியாக வரவில்லை. அவர் போய் வெகுகாலம் ஆயிற்று. உங்கள் போன் அடித்ததும் அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இல்லை தம்பி, தொந்தரவெல்லாம் ஒன்றுமில்லை. எடுத்துப் பேசியிருக்கலாமே என்றுதான் பார்த்தேன். பாட்டு முடியட்டும் என்று விட்டீர்கள், அதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிட்டார். எல்லாரும் இப்படித்தான். எங்கள் கல்லூரியில் ஒரு கிளார்க் இதே பாட்டைத்தான் வைத்திருக்கிறார். முதல்வரே கூப்பிட்டாலும் அந்த டிரம்பெட் முடிந்த பிறகுதான் எடுப்பார்.

"மூணாம் மணி" குழுவின் பாட்டுதானே. தெரியும். நன்றாகவே தெரியும். பிடிக்குமா என்றால், மதுரை வருகிறவரைக்கும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன். என்னைக் கேட்டால் அவர்களுக்கு இவ்வளவு பேர் ஆகாது.

முகம் சுருங்க வேண்டாம். கெட்ட குழு என்று சொல்லவில்லை. நாகர்கோவிலில் இருந்து நாலு பிள்ளைகள் கிளம்பி ஸ்கா-பங்க் வாசிக்கிறார்கள், சென்னையில் கூட்டம் நிற்க இடமில்லை, கொச்சியில் கூப்பிடுகிறார்கள், பெங்களூரில் கூப்பிடுகிறார்கள். நல்லது. நான் சொல்வது வேறு. வாசிப்பு என்று ஒன்று இருக்கிறது, பேர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் பதினேழு பதினெட்டு வருஷம் கொவென்ட்ரியில் இருந்தவன். இங்கிலாந்தில் கார் செய்கிற ஊர். ஜமைக்காவில் பிறந்த ஸ்கா இரண்டாம் தடவை பிறந்தது அந்த ஊரில்தான் என்பார்கள். சனிக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு பப்பின் பின்னறையில் நிற்பேன். ஒரு வாத்தியமும் வாசிக்க வராது. கேட்க வரும். அங்கே ஒரு சின்னப் பத்திரிகைக்கு விமரிசனம்கூட எழுதினேன். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவன் இங்கிலீஷில் ஜமைக்கா இசையைப் பற்றி எழுதுகிறான் என்று என் மனைவி ஸ்டெல்லா சிரிப்பாள்.

ஸ்கா ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. நீங்கள் நடக்கிறீர்கள் என்று வையுங்கள். கால் தரையில் விழுகிற இடத்தில் கிட்டார் பேசாது. கால் எழும்புகிற இடத்தில்தான் பேசும். ச்சக். ச்சக். அதனால்தான் கேட்கிறவனுக்குத் தரையில் நிற்க முடிவதில்லை. அதோடு பங்க் சேர்ந்தால் அவசரமும் சேரும். அவசரத்தில் அந்த அடி கொஞ்சம் முன்னால் தாவிவிடும். தாவாமல் பிடித்து நிறுத்துகிறவன்தான் வித்வான். "மூணாம் மணி" தாவும். ஆரம்பத்திலிருந்தே தாவும். நான் அவர்களிடமே சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த வீடியோ பார்த்திருப்பீர்கள். கல்லறைத் தோட்டத்தில் இருந்து திரும்பும்போது வாசிக்கிற வீடியோ. அதில் வெறுங்காலோடு நடந்து வருகிற ஆள் நான்தான்.

இருங்கள், எழும்பாதீர்கள். உட்காருங்கள் தம்பி. கையெல்லாம் பிடிக்க வேண்டாம். இதற்குத்தான் நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஜெரூஷா என் மகள். அந்தக் குழுவில் டிராம்போன் அவள்தான். நான் இங்கே கல்லூரி வேலைக்குத் திரும்பியபோது அவள் பதினொன்றாம் வகுப்பு. ஸ்டெல்லா நர்ஸ். ஒன்றிரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று அங்கேயே இருந்துவிட்டாள். வீட்டில் நானும் ஜெரூஷாவும்தான். ஊர் அவளுக்குப் பிடிக்கவில்லை, வெயில் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவள் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். சபை பேண்டில் சேர்ந்த பிறகுதான் சிரித்தாள். டிராம்போன் அங்கே சீந்துவாரில்லாமல் கிடந்தது. நீளமாக இழுத்து ஊத வேண்டும், சின்னக் கைக்கு எட்டாது. அவளுக்கு என் கை.

அங்கேதான் ஸ்டெபின் இருந்தான், டிரம்பெட். அஜின் கிட்டார், ஆன்சி சின்ன டிரம். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை மணி அடிப்பார்கள். முதல் மணிக்குக் குளிக்கணும், இரண்டாம் மணிக்குக் கிளம்பணும், மூன்றாம் மணி அடித்தால் ஆராதனை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த நாலும் மூன்றாம் மணிக்குப் பிறகுதான் வரும். உபதேசியார் வாசலிலேயே நிற்பார். "வாருங்க மூணாம் மணிக்காரரே, கர்த்தர் உங்களுக்காகத்தான் காத்திட்டிருக்காரு" என்பார். அதையே பேராக வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் என்னுடைய இசைத்தட்டெல்லாம் இருந்தது. அவற்றைப் போட்டுப் போட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். ஆகவே ஒரு பொறுப்பு எனக்கு இருந்தது, இல்லையா? நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? ஊரில் எல்லாரும் சூப்பர் சூப்பர் என்பார்கள். ஒருவருக்கும் ஸ்காவும் தெரியாது, பங்க்கும் தெரியாது.

கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு, எங்கே வாசித்தாலும் நான் போவேன். ஒன்றைக்கூட விட்டதில்லை. முன்வரிசையில், ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். முடிந்ததும் ஜெரூஷா ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டு கேட்பாள்: "எப்படிப்பா இருந்திச்சு?" நான் சொல்வேன். இரண்டாவது பாட்டு தாவிவிட்டது. மூன்றாவதில் டிராம்போன் ஒரு மயிரிழை சுருதி கீழே. ஸ்டெபின் மூச்சை வீணாக்குகிறான். வீடு வருகிறவரைக்கும் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே வருவாள். கோபப்பட்டதே இல்லை.

ஒருநாள் சொன்னாள், "அப்பா, நீங்க வாயால சொல்லுறதை நான் கேக்குறதே இல்ல. மேடையில நின்னு உங்க காலைத்தான் பாக்கேன். செத்த பாம்பு மாதிரி அப்படியே கெடக்கு."

"தாளம் போடுறவன் கேட்க மாட்டான் மோளே," என்றேன். "கேட்கிறவனுக்குக் கால் அசையாது."

"ஒரு நாளு அசையும். அன்னைக்கு பிரியாணி என் செலவு."

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மேடையில் ஊதிக்கொண்டே குனிந்து என் காலைப் பார்ப்பாள். ஸ்டெபினும் பார்ப்பான். ஆன்சி டிரம்முக்குப் பின்னாலிருந்து எழும்பிப் பார்ப்பாள். நான் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வேன். அதற்கும் சிரிப்பார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். விமரிசனம் என்றால் அது விமரிசனம். அப்பா என்பதற்காக ஒரு மார்க் கூடுதலாகப் போட்டால் அது அவளுக்குத்தான் அவமானம்.

போன வருஷம் மே மாதம் மூளைக்காய்ச்சல் வந்தது. தலைவலி என்று படுத்தாள், அந்த வாரம் முடிவதற்குள் அவள் இல்லை. அதை விடுங்கள்.

ஸ்டெல்லாவின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. எத்தனையோ பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாள், நடக்கவில்லை. கடைசியில் அவளே சொன்னாள், "எனக்காக என் பிள்ளைய ஐஸ்பெட்டியில போட்டு வைக்காதீங்க. அடக்கம் பண்ணுங்க. எனக்குப் படம் எடுத்து அனுப்புங்க, போதும்." அதனால் என் அக்கா மகன் போனில் எடுத்தான். அது ஸ்டெல்லாவுக்காக எடுத்தது தம்பி. வேறு எதற்காகவும் இல்லை. அவளுக்கு அனுப்பினான், குடும்பக் குழுவில் போட்டான், அங்கிருந்து எப்படி வெளியே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் வழக்கம் இப்படி. பெட்டி போகும்போது பேண்டு வாசிக்கும். ஞானப்பாட்டை இழுத்து, மெதுவாக, ஒரு அடிக்கு ஒரு மூச்சு என்று வாசிக்கும். மண் போட்ட பிறகு வாசிப்பு கிடையாது. வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனவன் அவனவன் பாட்டுக்குத் திரும்ப வேண்டும். தவசிமுத்து பெரியப்பா சொன்னதும் அதுதானே. என்னவோ சொன்னாரே.

மண் போடுவதற்காகச் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். திரும்பி வந்தால் காணோம். சாவுக்குப் போன இடத்தில் செருப்பு மாறுவது எங்கும் உள்ளதுதான். வெறுங்காலோடு நடந்தேன். கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். பின்னால் ஒரு டிரம்பெட். திரும்பிப் பார்த்தால் ஸ்டெபின். போகும்போது வாசித்த அதே ஞானப்பாட்டு. அதை ஸ்காவில் வாசிக்கிறான்.

ஆன்சி டிரம்மில் சேர்ந்துகொண்டாள். தெருவில் கிட்டாருக்கு ஏது கரண்ட்? அஜின் அந்த வெட்டு அடியை வாயாலேயே போட்டான். ச்சக். ச்சக். அழுதுகொண்டே போட்டான், சளி ஒழுகுகிறது, துடைக்கவும் இல்லை. சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் "எலேய், நிறுத்துங்கலே! சாவாலே இது, சந்தையாலே?" என்று ஓடி வந்தார். பக்கத்தில் வந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு ஒதுங்கிக்கொண்டார். ஏன் ஒதுங்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தராகக் கை தட்ட ஆரம்பித்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நியாயமாகப் பேச வேண்டுமல்லவா. அன்றைக்கு அடி தாவவில்லை. முதலில் இருந்து கடைசிவரை தாவவில்லை. கால் எழும்புகிற இடத்தில் எழும்பி, விழுகிற இடத்தில் விழுந்து. கொவென்ட்ரியில்கூட அப்படி ஒன்றிரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். டிராம்போன் வர வேண்டிய இடம் வந்தபோது ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தை ஸ்டெபின் நிரப்பவில்லை, சும்மா விட்டான். விட்டுவிட்டுத் திரும்பச் சரியான இடத்தில் எடுத்தான். ஒரு நாள் நன்றாக வாசிப்பதை வைத்து ஒரு குழுவுக்குப் பேர் கொடுக்கக் கூடாது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆனால் ஊர் வாசிப்பையா பார்த்தது? காலைப் பார்த்தது. என் அக்கா மகன் போனைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறான், என் கால் படத்தில் விழுந்துவிட்டது. கால் எழும்புகிறது, விழுகிறது, எழும்புகிறது, விழுகிறது. "மகளுக்குத் தாளம் போடும் அப்பா" என்று யாரோ ஒரு புண்ணியவான் தலைப்பு வைத்துவிட்டான். அதோடு முடிந்தது. லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் கும்பகோணத்திலிருந்து எனக்குத் தபாலில் ஒரு ஜெபமாலை அனுப்பினார்கள். நாங்கள் சிஎஸ்ஐ, ஜெபமாலை எங்களுக்கு வழக்கமில்லை.

தம்பி, மே மாதம். மத்தியானம். தார் ரோடு. வெறுங்கால். சுடுமா சுடாதா? நீங்களே சொல்லுங்கள். சுடுகிற ரோட்டில் எவனும் காலை மாற்றி மாற்றித்தான் வைப்பான். அதற்குத் தாளம் என்று பேரா?

இதைத்தான் ஸ்டெபினிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்திருந்தான். அவள் போன பிறகு வாரம் ஒரு தடவை வருவான், வந்தால் அவனே காப்பி போட்டு எனக்கும் தருவான். "ஒரு சாவை வச்சு வாங்கின பேருதானே மக்கா இது?" என்றேன். முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "அங்கிள், நாங்க பேருக்கு ஊதல்ல. வாய மூடிட்டு நடந்தா அந்த ரோட்டுலயே விழுந்திருவேன்னு தோணிச்சு. அதான் ஊதினேன்."

"விழுந்திருந்தால் தூக்கியிருப்போம்."

"நீங்க விழுந்திருந்தா?"

பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது? நான் காப்பியை எடுத்துக் குடித்தேன். அவனே சிரித்தான். "ஜெரூஷா சொல்லுவா அங்கிள், எங்கப்பாகிட்ட பாஸ் மார்க் வாங்கியாச்சுன்னா நாம ரிட்டயர்டு ஆயிரலாம்னு. இன்னும் சர்வீஸ்லதான் இரிக்கோம், கேட்டியளா."

இப்போது அவர்கள் அந்தப் பாட்டை ஸ்டுடியோவில் முறையாகப் பதிவு செய்து வெளியிடப் போகிறார்கள். அதோடு அந்த வீடியோவையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். என்னைக் கேட்காமல் செய்ய மாட்டோம் என்றான் ஸ்டெபின். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்றான். நான் மொத்தமாக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்குக் கல்நெஞ்சன் இல்லை. என் கால் வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிடு என்றேன். பொய்யான ஒன்றுக்கு ஊர் அழக் கூடாது. அவ்வளவுதான் என் கோரிக்கை. சரி அங்கிள் என்று போய்விட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

எதிர்த்துப் பேசியவள் ஸ்டெல்லா. அவளிடம் யார் சொன்னார்களோ. டியூட்டி இடைவேளையில் கூப்பிட்டாள்.

"கால் வர்ற இடத்த வெட்டச் சொன்னீங்களாமே?"

"ரோடு சுட்டுச்சு ஸ்டெல்லா. அதைப் போய் ஊரெல்லாம்…"

"கேட்டுலேருந்து நடந்துதானே வந்தீங்க? அப்ப சுடல்லியா? அவங்க ஊதத் தொடங்கின பொறவுதானே கால் எழும்புது?"

நான் அதையும் பார்த்திருக்கிறேன் தம்பி. அவள் கேட்பதற்கு முன்னாலேயே, நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கேட்டை ஒட்டி ஒரு பெரிய புளியமரம். அதன் நிழல் அந்த இடத்தில்தான் முடிகிறது. ஸ்டெபின் ஊத ஆரம்பிக்கிற அதே இடத்தில். யதேச்சையாக அப்படி அமைந்துவிட்டது. அதைச் சொன்னேன்.

 

அதற்கு அவள் சொன்னாள், "நான் அந்த வீடியோவுல பெட்டி வர்ற இடத்த ஒரு நாளும் பாத்ததில்ல. தள்ளிவிட்டுருவேன். மண் போடுறதும் பாக்க மாட்டேன். உங்க கால் வர்ற இடம் மட்டும்தான் பாக்கேன். தெனமும் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னால பாக்கேன். அவ உங்ககிட்ட கேட்டது அது ஒண்ணுதானே."

"ஸ்டெல்லா, அது நிஜம் இல்ல."

"இருந்துட்டுப் போகட்டும். நிஜம் எல்லாம் நீங்க வச்சுக்கோங்க. எனக்கு அந்தக் கால் போதும்."

வைத்துவிட்டாள். கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவள். எப்போதும் அப்படித்தான். ஊரை விட்டு தூரத்தில் இருக்கிறாள், பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும் ரோடு எப்படிச் சுட்டது என்று. என் உள்ளங்காலில் கொப்புளம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தோல் தடித்துப்போன கால், அதனால் வரவில்லை.

நேற்று ஸ்டெபின் இரண்டு வீடியோ அனுப்பியிருந்தான். ஒன்று வெட்டியது, ஒன்று வெட்டாதது. "நீங்க சொல்லுறதுதான் அங்கிள். இன்னைக்கு நாளைக்குள்ள சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தான். கல்லூரியில் ஆய்வகம் காலியாக இருந்தது, கதவைச் சாத்திவிட்டு இரண்டையும் பார்த்தேன். ஒரு விமரிசகனாகச் சொல்கிறேன், வெட்டியதுதான் நல்ல வேலை. கச்சிதமாக இருக்கிறது. டிரம்பெட்டின் முகத்திலிருந்து நேராக டிரம்முக்குப் போகிறது, தொய்வே இல்லை. கால் இருக்கிற வீடியோவில் அந்த இடத்தில் வேகம் குறைகிறது. கேமரா வேறு நடுங்குகிறது. ஒரு வயசான மனுஷனின் பித்தவெடிப்புக் காலை எதற்கு அத்தனை நேரம் காட்ட வேண்டும்?

இரண்டாம் தடவை பார்க்கும்போது ஒன்று கவனித்தேன். டிராம்போன் வர வேண்டிய அந்த இடம் சொன்னேனே, ஸ்டெபின் சும்மா விட்ட இடம். அப்போது டிரம்பெட் இல்லை, டிரம் இல்லை, அஜினின் வாயும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. அந்த இடத்திலும் கால் எழும்பித்தான் விழுகிறது. சரியான இடத்தில். அது ஏன் என்று தெரியவில்லை. சூடு விட்டு விட்டுத்தான் தெரியும் போலிருக்கிறது.

என்ன தம்பி? ஒன்றுமில்லை, ஜன்னல் வழியாகத் தூசி. காற்றாலை இருக்கிற பக்கமெல்லாம் இப்படித்தான். நீங்கள் தண்ணீர் குடியுங்கள், எனக்கு வேண்டாம்.

ஆகவே என் அபிப்பிராயம் மாறவில்லை. இன்னும் நாலைந்து வருஷம் உழைத்தால் அந்தக் குழுவுக்கு இந்தப் பேர் பொருந்தலாம். புதிதாக ஒரு டிராம்போன் பார்க்க வேண்டும், பார்க்க மாட்டேன் என்கிறார்கள். அடி இன்னமும் தாவுகிறது. போன மாதம் திருநெல்வேலியில் வாசித்தார்கள், முன்வரிசையில் ஓரத்தில்தான் இருந்தேன். முடிந்ததும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், இரண்டாவது பாட்டு தாவுகிறது என்று. மூன்று பேரும் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டார்கள்.

காலையில் வண்டி ஏறும் முன் ஸ்டெபினைக் கூப்பிட்டேன். வெட்டாத வீடியோவையே போடச் சொல்லிவிட்டேன்.